குழலுக்குள் காணாமல்போன எஃகு

இங்கிலாந்தில் பழைய துப்பாக்கிகளை ஏலம் விடுமுன் அவற்றைச் சில நாட்கள் பார்வைக்கு வைப்பது வழக்கம். விவரம் தெரிந்த ஒருவர் அந்த மேசைக்கு வந்தால், பக்கத் தகட்டில் செதுக்கிய பூவேலைப்பாட்டையோ வால்நட் கட்டையின் வரிகளையோ முதலில் பார்க்கமாட்டார். முன்கட்டையைக் கழற்றுவார். மேல்நெம்பைத் தள்ளி இரட்டைக் குழலைத் தனியே பிரித்து எடுப்பார். அதைக் கவிழ்த்து, தோட்டா அறைக்குக் கீழே உள்ள தட்டையான பரப்பில் பொறித்திருக்கும் முத்திரைகளைப் பார்ப்பார். பிறகுதான் குழலைச் சன்னல் பக்கம் உயர்த்தி உள்ளே கண் வைப்பார்.

பக்கம் பக்கமாக இரண்டு துப்பாக்கிகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் 1890-களில் பர்மிங்காமில் செய்த, நூறு வயதைத் தாண்டிய 12 போர் துப்பாக்கிகள். ஒன்றின் குழல் உட்புறம் மங்கலாக, அங்கங்கே சிறு துருக்குழிகளோடு இருக்கிறது. மற்றது கண்ணாடிபோல் மின்னுகிறது. புதிதாக வாங்க வருபவரின் கை இரண்டாவதை நோக்கித்தான் போகும். ஆனால் நூறு ஆண்டு கருமருந்தும் ஈரமும் கண்ட குழலுக்கு இந்த மினுமினுப்பு எப்படி வந்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. யாரோ உள்ளே தேய்த்திருக்கிறார்கள். துருக்குழி ஒன்றை மறைக்க வேண்டுமானால் அதன் அடியாழம் வரை சுற்றியுள்ள நல்ல எஃகு முழுவதையும் அரைத்து எடுக்கவேண்டும். குழி போய்விடும், அதோடு குழலின் கனமும் போய்விடும். அப்படிப் போனது எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் பழைய துப்பாக்கியை மதிப்பிடும் வேலையில் பெரும்பகுதி.

12 போர் என்ற பெயரே ஓர் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் 0.729 அங்குலம், அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர் வரும். அந்த உருண்டை சரியாக நுழையும் குழல் 12 போர். பதின்மூன்றாகப் பிரித்தால் உருண்டை சிறுத்து 0.710 ஆகும். பழைய பிரிட்டிஷ் முத்திரைகளில் இவற்றுக்கு இடைப்பட்ட அளவுகளும் உண்டு: 13/1 என்றால் 0.719, 12/1 என்றால் 0.740. குழலின் வலுவைச் சுட்டுப் பார்க்கும் சோதனைச் சாலையைவிட்டுத் துப்பாக்கி வெளியே வந்த நாளில் குழல் எந்தப் படியில் இருந்ததோ அந்த எண் அதன் அடியில் பொறிக்கப்பட்டது. இன்று, பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் உள்விட்டத்தை அளந்து, பொறித்த எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். 12 என்று பொறித்த குழல் 0.740 காட்டினால் அது அடுத்த படிக்குத் தாவிவிட்டது. பழைய சோதனை இனிச் செல்லாது. பிரிட்டனில் அப்படிப்பட்ட துப்பாக்கியை மறுசோதனை இல்லாமல் விற்பது குற்றம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 0.738 அளவில் பிறந்த குழலுக்கும் 12 என்றுதான் முத்திரை விழுந்தது. அது ஆயிரத்தில் இரண்டு அங்குலம் விரிந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். சரியாக 0.729-ல் பிறந்த குழலோ ஆயிரத்தில் பத்து வரை இழந்துவிட்டு இன்னும் சட்டப்படி நல்ல பிள்ளையாக இருக்கலாம். உள்விட்டத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். சுவரின் கனத்தை நேரடியாக அளக்கவேண்டும்.

அதற்கான கருவி பார்க்க எளிமையானது. கனமான அடிப்பீடத்தின்மேல் ஒரு நெடிய கம்பி நிமிர்ந்து நிற்கும். குழலை அதன்மேல் செருகி இறக்குவார்கள். கம்பி முனையின் சிறு குமிழ் குழலை உள்ளிருந்து தொடும். அதற்கு நேர் எதிரே டயல் கேஜின் ஊசி வெளியிலிருந்து தொடும். குழலைச் சுற்றிச் சுற்றி, ஏற்றி இறக்கும்போது முள் நகர்ந்துகொண்டே இருக்கும். லேத் பட்டறைக்காரர்கள் தௌ என்று சொல்லும் ஆயிரத்தில் ஓர் அங்குலம்தான் இங்கே அலகு. ஒரு பக்கம் 32 தௌ, அதே இடத்தில் மறுபக்கம் 21 தௌ என்று காட்டுவது சாதாரணம். உள்துளையும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் அமைவது அரிது. மெல்லிய இடத்தில் 20 தௌ இருக்கவேண்டும் என்பது தொழிலில் பரவலாக ஏற்ற குறைந்தபட்ச அளவு. நம் பையில் இருக்கும் ஏ.டி.எம். அட்டையின் கனம் 30 தௌ. அதில் மூன்றில் இரண்டு பங்கு கனமுள்ள எஃகுச் சுவர், சுடுபவரின் இடது கை விரல்களுக்குச் சற்று முன்னால் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது.

அது எப்படித் தாங்குகிறது? குழலின் சுவரை இழுத்துப் பிளக்கப் பார்க்கும் விசை, உள்ளழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிக் கனத்தால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். இன்றைய சாதாரண 12 போர் தோட்டாவின் உச்ச அழுத்தத்துக்கு ஐரோப்பிய விதி வைத்துள்ள எல்லை 740 பார். அந்த உச்சம் தோட்டா அறையிலும் அதை ஒட்டிய சில சென்டிமீட்டரிலுமே நிகழ்கிறது. அங்கே சுவர் 3.5 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 218 நியூட்டன் வரும். ரவை முன்னேறும்போது அழுத்தம் விழுந்துவிடும். நடுக்குழலில் அது 100 பார் என்றும் சுவர் அரை மில்லிமீட்டர் என்றும் கொண்டால் 186 நியூட்டன். அரை மில்லிமீட்டரைத் தேய்த்து 0.4 ஆக்குங்கள்: 232. தோட்டா அறையைவிட அதிகப் பாரத்தை இப்போது நடுக்குழல் சுமக்கிறது. மனிதத் தலைமுடி ஒன்றின் அளவுக்கு எஃகு குறைந்ததால் வந்த வினை இது.

துரு ஏன் பிடித்தது என்பதற்கு விடை வெடிமருந்தின் வேதியியலில் இருக்கிறது. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். அது எரியும்போது எடையில் பாதிக்கும் மேல் வாயுவாகாமல் திடக் கசடாகத் தங்கிவிடும். பொட்டாசியம் கார்பனேட்டும் சல்பேட்டும் சல்பைடும் கலந்த அந்தக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். புகையில்லா மருந்து வந்தபின்னும் தொல்லை தீரவில்லை. தோட்டாவின் பின்புறத்து எரிமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்த காலம் வரை, ஒவ்வொரு வெடியும் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பைத் தூவிவிட்டுப் போனது. உப்பு எண்ணெயில் கரையாது. மாலையில் எண்ணெய்த் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தவரின் துப்பாக்கி உள்ளே அரித்தது. கொதிநீர் ஊற்றிக் கழுவி உலர்த்தியவரின் துப்பாக்கி பிழைத்தது.

எல்லாத் துருக்குழியும் ஒன்றல்ல. குழலின் வாய்ப்பக்கம் ஆழமற்ற குழிகள் இருந்தால் கூடுதலாகச் சுத்தம் செய்யவேண்டும், அவ்வளவுதான். தோட்டா அறைக்கு முன்னால், உச்ச அழுத்தம் விழும் இடத்தில், கூர்மையான அடியுடைய ஆழக் குழி இருந்தால் பேச்சு வேறு. விசை அந்தக் கூர்முனையில் குவியும். பிளவு தொடங்குவதும் அங்கேதான். மங்கலான, குழியுள்ள, ஆனால் சுவர் 30 தௌ உள்ள குழலை, பளபளப்பான 18 தௌ குழலைவிட நிபுணர்கள் விரும்புவதில் வியப்பில்லை.

சன்னல் வெளிச்சத்துக்குக் குழலை உயர்த்துவது குழியைத் தேட மட்டுமல்ல. சன்னலின் குறுக்குச் சட்டத்தை நோக்கிக் குழலைப் பிடித்தால் உள்சுவரில் ஒரு நிழல் விளிம்பு நீளவாக்கில் விழும். குழலை மெல்லச் சுழற்றும்போது அந்த விளிம்பு நேராக ஓடவேண்டும். ஓரிடத்தில் அது நெளிந்தால் அங்கே நசுங்கல். வளையமாக ஒரு நிழல் தெரிந்தால் அது வீக்கம். வேலிக் கம்பியில் இடித்து வந்த நசுங்கலை உள்ளிருந்து தள்ளி நிமிர்த்தலாம். வளைய வீக்கத்தின் கதை கொஞ்சம் பயங்கரமானது: குழலில் சேறோ பனியோ முந்தைய தோட்டாவின் தக்கையோ அடைத்திருந்தபோது யாரோ சுட்டிருக்கிறார்கள். அந்த வளையத்தில் எஃகு ஒருமுறை இழுபட்டு மெலிந்துவிட்டது.

இதில் மோசமான அடைப்பு இன்னொரு தோட்டாதான். 20 போர் தோட்டாவை 12 போர் அறையில் போட்டால் அது வழுக்கி உள்ளே போய், அறைக்கு முன்னால் குழல் குறுகும் இடத்தில் மாட்டி நிற்கும். பார்ப்பவருக்கு அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கிழியும். இன்று 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இந்த ஒரு விபத்தைத் தடுக்கத்தான்.

முத்திரைகளுக்கு வருவோம். லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-ல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. பெல்ஜியத்தின் லீஜ் நகரில் சோதனை 1672-லேயே தொடங்கிவிட்டது. எல்லா இடத்திலும் முறை ஒன்றே. வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, குழல் பிழைத்தால் முத்திரை இடுவார்கள். அந்த முத்திரைகளே துப்பாக்கியின் பிறப்புச் சான்று. நாட் ஃபார் பால் என்று பொறித்திருந்தால், முழு உருண்டையைச் சுடாதே என்ற எச்சரிக்கையோடு 1875-க்கும் 1887-க்கும் இடையில் சோதித்த துப்பாக்கி. வாய்ப்பக்கம் சற்றே குறுகிய சோக் குழல்கள் பரவிய காலம் அது. 40 தௌ குறுக்கிய வாயில் ஈய உருண்டை போய் முட்டினால் என்னாகும் என்று சொல்லவேண்டியதில்லை. வளைவாள் ஏந்திய ஒரு கரமும் கீழே என்.பி. என்ற எழுத்துகளும் இருந்தால், லண்டனில் புகையில்லா மருந்துக்கும் சோதித்தது. குறுக்காக வைத்த செங்கோல்களும் கிரீடமும் மட்டும் இருக்கும் பழைய பர்மிங்காம் குழல் கருமருந்துக்கு மட்டுமே தேர்ச்சி பெற்றது. அதில் இன்றைய கடைத் தோட்டாவைப் போடுவது மடத்தனம்.

தோட்டா அறையின் நீளமும் அப்படி ஒரு பொறி. பழைய 12 போர் அறைகள் பெரும்பாலும் இரண்டரை அங்குலம். இன்றைய தோட்டாக்கள் பல இரண்டே முக்கால். அந்த நீளம் சுட்டபின் மடிப்பு விரிந்த உறையின் நீளம். சுடுமுன் மடிப்போடு அது குட்டையாக இருப்பதால் பழைய அறையில் அழகாக உட்கார்ந்துவிடும், துப்பாக்கியும் தடையின்றி மூடிக்கொள்ளும். சுட்டவுடன் மடிப்பு விரிய இடமில்லாமல் முன்னாலுள்ள குறுகலில் நெருக்கி, அழுத்தத்தை ஏற்றிவிடும். சிலர் இதற்காக அறையையே நீட்டித் துளைத்திருப்பார்கள். அங்கேயும் சுவர்தான் மெலிகிறது.

டமாஸ்கஸ் குழல்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எஃகையும் இரும்பையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கம்பியாக்கி, முறுக்கி, அந்த முறுக்கிய கம்பிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பட்டையாக அடித்து, பட்டையை ஓர் உருளைமேல் சுற்றி உலைச்சூட்டில் ஒட்டவைத்தால் டமாஸ்கஸ் குழல். அமிலம் பட்டால் இரும்பும் எஃகும் வெவ்வேறு நிறம் காட்ட, சுருள் சுருளான கோலம் எழும். லீஜுக்கு அருகில் வெஸ்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கிராமங்கள் இதில் கைதேர்ந்தவை. இந்தக் குழல்களைக் கண்டாலே வெடிகுண்டு என்று ஓடுவோர் உண்டு; அது மிகையான பயம். புகையில்லா மருந்துச் சோதனையில் தேறிய டமாஸ்கஸ் குழல்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் ஒட்டுகள் ஆயிரக்கணக்கில். ஏதோ ஓர் ஒட்டுக்குள் கசடு மாட்டியிருந்து, அதன் வழியாகத் துரு உள்ளே ஊர்ந்திருந்தால் வெளிக்கண்ணுக்கும் டயல் கேஜுக்கும் அது பிடிபடாது. ஏமாற்று வேலை இரு பக்கமும் நடந்தது: மலிவு எஃகின்மேல் டமாஸ்கஸ் கோலத்தைப் போலியாக அமிலத்தால் பொறித்தவர்கள் உண்டு, அசல் டமாஸ்கஸ் மதிப்பிழந்தபின் அதைக் கறுப்பாக்கி எஃகு என்று விற்றவர்களும் உண்டு.

காதுக்கும் வேலை இருக்கிறது. பிரித்த குழலை அதன் கொக்கியில் விரல் மாட்டித் தொங்கவிட்டு, மடக்கிய விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். சத்தம் மொத்தென்று விழுந்தால் அல்லது உள்ளே ஏதோ அதிர்ந்தால் இரு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டை எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பட்டை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றால் ஒட்டியது. நவீனத் துப்பாக்கிகளைக் கறுப்பாக்கும் கொதிக்கும் காரக் குளியலில் பழைய இரட்டைக் குழலை முக்கினால் காரம் அந்தப் பற்றையே தின்றுவிடும்; மீந்த உப்பு பட்டைக்கு அடியில் புகுந்து ஆண்டுக்கணக்கில் அரிக்கும். பழைய குழலை மெதுவான துருமுறையில்தான் கறுப்பாக்கவேண்டும். அட்டகாசமான புதுக் கறுப்போடு வரும் நூற்றாண்டுக் குழலைப் பார்த்தால் சந்தேகப்படுவது நல்லது. கறுப்பாக்குமுன் வெளிப்புறத்தையும் தேய்த்திருப்பார்கள். தயாரிப்பாளர் பெயரின் எழுத்துகள் ஓரம் மழுங்கியிருந்தால் அதுவே சாட்சி.

குழலின் வாயை நேராகப் பார்த்தாலும் ஒரு செய்தி கிடைக்கும். இரு குழல்களும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்து அதை ஈயத்தால் அடைத்திருந்தால் யாரோ முனையை அறுத்திருக்கிறார்கள். சோக்கும் அதோடு போயிற்று. 25 அங்குலக் குழலெல்லாம் அறுத்தது என்று முடிவுகட்டவும் கூடாது. துப்பாக்கித் தயாரிப்பாளர் ராபர்ட் சர்ச்சில் அந்த நீளத்திலேயே செய்து விற்றுப் பேர் வாங்கினார்.

ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க முன்கட்டையைக் கழற்றிவிட வேண்டும். அதன் வில் தளர்ச்சியை மறைத்துவிடும். குழலை மூடி, கைப்பிடியைப் பிடித்து மெல்ல உலுக்கினால் கடகடவென்றால் கீல் முளை தேய்ந்துவிட்டது. குழலின் பின்முகத்துக்கும், அது மூடிப் பொருந்தும் ஆக்‌ஷன் என்ற எஃகு உடலின் முகத்துக்கும் இடையே வெளிச்சம் தெரியக்கூடாது. மேல்நெம்பு எங்கே நிற்கிறது என்பதும் தேய்மானத்தைச் சொல்லும்: புதிதில் நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும், தேயத் தேய இடப்பக்கம் நகரும். கீல் முளையைப் பெரிதாக மாற்றுவதோ கொக்கியில் எஃகேற்றிச் செதுக்குவதோ ஒழுங்கான வேலை. கொக்கியைச் சுத்தியலால் தட்டி நசுக்கி ஆட்டத்தை மறைப்பது அரைகுறைக் கைவேலைக்காரர்களின் பழைய தந்திரம்; சுத்தியல் தழும்பு லென்ஸில் தெரிந்துவிடும். திருகுகளின் காடி சிதைந்திருந்தாலும் அதே கைவேலைக்காரர் உள்ளே நுழைந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மரக்கட்டையின் எதிரி எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படும். வால்நட்டுக்கு அது காப்பு. இயந்திர எண்ணெய் கெட்டிப்படாது, ஊறிக்கொண்டே இருக்கும். குழலை மேல்நோக்கி நிறுத்தி வைத்த துப்பாக்கிகளில் பல ஆண்டு எண்ணெய் கீழே வடிந்து, ஆக்‌ஷன் வந்து அமரும் கட்டைமுகத்தில் சேர்கிறது. மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். ஒவ்வொரு வெடியின் பின்னுதையும் அந்த இடத்தில்தான் மோதுவதால் விரிசலும் அங்கேயே பிறக்கும்.

நடுப்பட்டையில் எழுதிய பெயரைக் கடைசியில் படிப்பதே நல்லது, ஏனென்றால் அது செய்தவர் பெயராக இருக்கவேண்டியதில்லை. மதராஸ் மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஓர் அண்ட் சன்ஸின் பெயரும், கல்கத்தா ரோடா நிறுவனத்தின் பெயரும் தாங்கிய துப்பாக்கிகள் இன்றும் வெளிநாட்டு ஏலங்களில் தலைகாட்டுகின்றன. இங்கிலாந்தில் செய்ததன்மேல் விற்ற கடையின் பெயரைப் பொறிப்பது அன்றைய வழக்கம். அது நேர்மையான வியாபாரம். டபிள்யூ. ரிச்சர்ட்ஸ் என்ற பெயரோடு அமெரிக்காவில் இறங்கிய மலிவுத் துப்பாக்கிகள் அப்படியல்ல. 1875-ல் அன்சனும் டீலியும் பெட்டிப்பூட்டு என்ற புகழ்பெற்ற சுடும் பொறியமைப்பை வடிவமைத்த வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தை நினைவூட்டவே அந்தப் பெயர். குழலைக் கவிழ்த்தால் நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற லீஜ் முத்திரை இருக்கும்.

இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் வேட்டைத் துப்பாக்கிகளுக்கு வேலை இல்லாமல் போனது. தாத்தா வாங்கிய இரட்டைக் குழல் உரிமத்தோடு பேரனிடம் வந்திருக்கும் வீடுகள் இங்கேயும் உண்டு. அவை சுடப்படுவதைவிடப் பூட்டிக் கிடப்பதே அதிகம். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டி வரலாம். துணி உறைக்குள் சுற்றி வாரக்கணக்கில் கிடக்கும். ஒப்படைத்தவரின் விரல் வியர்வையிலுள்ள குளோரைடும் கடற்கரை ஊர்களின் காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தோல் உறைக்குள் வைத்தால் இன்னும் மோசம். பதனிட்ட தோல் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். பழம்பொருள் என்பதால் மட்டும் உரிமம் தேவையில்லை என்றாகிவிடாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையிலுள்ள பழம் ஆயுதத்துக்கே 1959-ன் ஆயுதச் சட்டம் விலக்குத் தருகிறது. பர்மிங்காம் முத்திரை தேயாமல் இருக்கும் ஒரு 12 போர், பரணில் எவ்வளவு தூசி படிந்து கிடந்தாலும், அந்த விலக்குக்குள் எளிதில் அடங்காது.